அடைமுட்டையிலிருந்து நரம்புத் திருவாசி வரை: செல் வளர்ப்பில் வளர்ச்சிக் காரணிகள், முழுமையான வழிகாட்டி

"மேடம், செல்லுக்கு உரம் போடுற மாதிரிதானே இது?" வளர்ப்புத் தட்டில் நரம்புச் செல்களுக்கு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைச் சேர்ப்பதைப் பற்றி, வருஷத்துக்கு நாலு பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். வளர்ச்சி என்றதும் அவர்களுக்கு யூரியா மூட்டைதான் கண்முன் வருகிறது. 'வளர்ச்சிக் காரணி' என்ற பெயரும் அந்த நினைப்புக்கு இடம் கொடுக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூளைச் செல்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மீடியத்தில் (செல்கள் வளரும் ஊட்டக் கரைசலில்) குளுக்கோஸ் ஒரு மில்லிலிட்டருக்கு 4.5 மில்லிகிராம் இருக்கும். அதே மீடியத்தில் நாம் சேர்க்கும் வளர்ச்சிக் காரணி 50 நானோகிராம், அதாவது குளுக்கோஸில் தொண்ணூறாயிரத்தில் ஒரு பங்கு. இத்தனை சொற்பமான பொருள் தீனியாக இருக்க வழியில்லை. அது சேதி. ஆற்றில் தண்ணீர் வந்தாலும் மடை திறந்திருக்கிற வயலுக்குத்தான் பாயும். அதுபோல, அந்தச் சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி செல்லின் மேல் இருந்தால்தான் செல் அதைக் கேட்கும். கேட்ட பிறகு பிழைப்பதா, பிரிவதா, கிளை விடுவதா என்பதை அந்தச் செல்லின் வயதும், சேதி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் முடிவு செய்யும். இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்தை உங்கள் கண்ணால் பார்க்க வைப்பதற்காகத்தான்.

எந்தச் செல்லில் தொடங்குவது

புத்தகங்கள் 18 நாள் எலிக் கருவின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் தொடங்கச் சொல்லும். அதற்கு விலங்குக் கூடம் வேண்டும், நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், விலை உயர்ந்த மீடியமும் வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரிகளில் பாதிக்கு இது எட்டாது. என் யோசனை, கோழிமுட்டையில் தொடங்குங்கள். இந்தத் துறையே கோழிமுட்டையிலிருந்து பிறந்ததுதான்.

இத்தாலிய ஆய்வாளர் ரீட்டா லெவி-மொண்டால்சினி, யூதர் என்பதால் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், டுரின் நகரில் தன் படுக்கையறையையே ஆய்வகமாக்கி, கோழிக் கருக்களை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். போருக்குப் பிறகு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கருவியல் அறிஞர் விக்டர் ஹாம்பர்கரிடம் போய்ச் சேர்ந்தார். 1952-ல், புற்றுக்கட்டி ஏற்றிய இரண்டு சுண்டெலிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு, ரியோ டி ஜனீரோவில் ஹெர்த்தா மேயர் நடத்திய செல் வளர்ப்பு ஆய்வகத்துக்கு விமானம் ஏறினார். அங்கே கோழிக் கருவின் நரம்பு முடிச்சை (நரம்பணுக்கள் திரண்ட உருண்டையை) கட்டித் துண்டின் அருகில் வைத்து வளர்த்தபோது, முடிச்சைச் சுற்றி நரம்பிழைகள் ஒளிவட்டமாகக் கிளம்பின. கட்டியிலிருந்து கசிந்த ஏதோ ஒன்று அப்படிச் செய்தது. அதைத் தேடிப் பிரித்தெடுத்தவர் ஸ்டான்லி கோஹன். அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்ஜிஎஃப். 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஒளிவட்டத்தை நீங்களே உண்டாக்கலாம். இரண்டு மாதிரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, 8 நாள் கோழிக் கருவின் முதுகுத்தண்டோரம் இருக்கும் உணர்வு நரம்பு முடிச்சு. மற்றொன்று, அதே கருவின் முன்மூளை. முடிச்சு மூளையின் பகுதி இல்லைதான். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே காரணியைக் கொடுத்தால்தான், ஒன்று கேட்பதும் மற்றது கேட்காததும் தெரியும்.

முட்டை

கடையில் விற்கும் வெள்ளை முட்டை உதவாது. அதில் சேவல் சேர்ந்திருக்காது. ஒரத்தநாடு பக்கம் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் 'அடைக்கு வைக்கிற முட்டை' என்று சொல்லிக் கேளுங்கள். நான் வாங்குகிற வீட்டுப் பெரியம்மா, கையைக் குழலாக மடித்து முட்டையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது கூமுட்டை, இதைத் தள்ளு கண்ணு" என்று ஒதுக்கிவிடுவார். நாம் அதையே இருட்டறையில் டார்ச் வைத்துச் செய்கிறோம். ஐந்தாம் நாள் பார்த்தால், நல்ல முட்டையில் சிலந்தி கால் விரித்தது போலச் செந்நிற இரத்த நாளங்கள் தெரியும்.

சித்திரை, வைகாசியில் ஓர் எச்சரிக்கை. வாங்கிய முட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனால், தஞ்சாவூர் வெயிலில் கரு தானாகவே வளரத் தொடங்கிவிடும். பிறகு நீங்கள் எண்ணுகிற எட்டு நாள் எட்டு நாளாக இருக்காது. 15 டிகிரி அளவில் வைத்திருந்து, ஒரு வாரத்துக்குள் இன்குபேட்டரில் ஏற்றுங்கள். ஏற்றிய நாள் பூஜ்யம். வெப்பம் 37.5 முதல் 38 டிகிரி, உள்ளே ஒரு தட்டில் தண்ணீர், நாளுக்குச் சில முறை திருப்பி வைத்தல்.

எட்டாம் நாள் திறக்கும்போது நாள்கணக்கை மட்டும் நம்பாமல், கருவின் அலகு, கால்விரல், இறகு முளைகளைப் பார்த்து வளர்நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். 1951-ல் வெளிவந்த ஹாம்பர்கர்–ஹாமில்டன் நிலை அட்டவணையை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். முன்னே சொன்ன அதே ஹாம்பர்கர்தான். எட்டு நாள் என்பது அதில் சுமார் 34-ஆம் நிலை. எலிக்கு மட்டுமல்ல, கோழிக் கருவுக்கும் வேலையைத் தொடங்கும் முன் உங்கள் நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தட்டைத் தயார் செய்தல்

நரம்பணு வெறும் கண்ணாடியில் கால் ஊன்றாது. பாலி-டி-லைசின் கரைசலை (மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம்) கண்ணாடி வில்லைமேல் ஊற்றி ஒரு மணி நேரமோ ஓர் இரவோ விடுங்கள். பிறகு கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள். கழுவலில் சோம்பல் கூடாது, ஒட்டாமல் மிச்சம் நிற்கும் பாலி-டி-லைசின் செல்லைக் கொல்லும். முடிச்சுகளுக்கு அதன்மேல், செல் ஒட்டிக்கொள்ள உதவும் லேமினின் என்ற புரதம் ஒரு பூச்சு, மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம். லேமினினை ஐஸ்மேல் வைத்து மெதுவாக உருக்குங்கள். அவசரப்பட்டுக் கையில் பிடித்து உருக்கினால் கட்டிதட்டிப் போகும்.

வெட்டி எடுத்தல்

முட்டையை 70 சதவீத எத்தனாலில் துடைத்து, காற்றறை இருக்கும் மழுங்கிய முனை மேலே வரும்படி நிறுத்தி, ஓட்டை வட்டமாக வெட்டுங்கள். வளைந்த இடுக்கியால் கருவைக் கழுத்தடியில் தாங்கித் தூக்கி, உடனே தலையைத் துண்டித்து, குளிர்ந்த உப்புக் கரைசலில் போடுங்கள்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு தவறு உண்டு. தலையைத் திறந்ததும் உருண்டு திரண்டு பெரிதாகத் தெரிகிற இரண்டு கோளங்களை முன்மூளை என்று எடுத்துவிடுவார்கள். அவை பார்வை மடல்கள், நடுமூளையைச் சேர்ந்தவை. முன்மூளை அவற்றுக்கு முன்னால், இரண்டு கண்களுக்கு இடையே, கொஞ்சம் அடக்கமாக இருக்கும். அதை எடுத்து, மேலே நாளங்களோடு படர்ந்திருக்கும் மெல்லிய உறையை இடுக்கி நுனியால் உரித்துவிடுங்கள். உறை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதிலிருந்து வரும் நார்ச்செல்கள் நாலு நாளில் தட்டைப் பிடித்துக்கொள்ளும், வயலில் கோரை பிடித்த கதைதான்.

துண்டுகளை 0.05 சதவீத டிரிப்சினில் (செல்களைப் பிரித்துவிடும் நொதி), 37 டிகிரியில், 10 நிமிடம் வையுங்கள். சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) கலந்த மீடியத்தைச் சேர்த்து டிரிப்சினை நிறுத்துங்கள். நுனியை நெருப்பில் காட்டி மழுக்கிய கண்ணாடிப் பைப்பெட்டால், நுரை எழாமல், பத்து முறைக்குள் மேலும் கீழும் இழுத்துக் கலையுங்கள். செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிபான் நீலம் என்ற சாயத்தைச் சேர்த்து உயிருள்ள செல்களை எண்ணுங்கள்.

முடிச்சுக்கு, உடலின் வயிற்றுப்பக்கம் உறுப்புகளை நீக்கிவிட்டால் முதுகுத்தண்டின் இருபுறமும் வரிசையாக மணி கோத்தது போல முடிச்சுகள் தெரியும். ஒவ்வொன்றும் கசகசாவில் பாதிதான் இருக்கும். இடுப்புப் பகுதியில் உள்ளவை கொஞ்சம் பெரியவை, அவற்றை எடுங்கள். தொங்கும் வேர் நூல்களை ஊசியால் நறுக்கிவிட்டு, முழு முடிச்சாகவே வில்லைமேல் வையுங்கள். முதல் இரண்டு மணி நேரம் மீடியம் ஒரு படலமாக மட்டும் இருக்கட்டும். நிறைய ஊற்றினால் முடிச்சு மிதந்துபோய்விடும்.

மீடியம்: சோதனை கெட்டுப்போகும் இடம்

கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இல்லாத கல்லூரிகளுக்கு நல்ல சேதி. 1963-ல் லீபோவிட்ஸ் உருவாக்கிய எல்-15 மீடியம் சாதாரணக் காற்றிலேயே அமிலநிலையைக் காத்துக்கொள்ளும். 37 டிகிரி தரும் எந்த இன்குபேட்டரும் போதும். அதில் குளுக்கோஸ் கிடையாது, கேலக்டோஸ்தான் இருக்கும். அதனால் லிட்டருக்கு 6 கிராம் குளுக்கோஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்-15 தட்டைக் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டருக்குள் வைத்துவிடாதீர்கள். மஞ்சளாகிப் புளித்துவிடும்.

அடுத்தது சீரம். மாட்டுக்கன்றுச் சீரத்தில் எத்தனையோ வளர்ச்சிக் காரணிகள் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. அதை 10 சதவீதம் ஊற்றிவிட்டு, மேலே 50 நானோகிராம் பிடிஎன்எஃப் (மூளையிலிருந்து பிரித்தெடுத்த இன்னொரு வளர்ச்சிக் காரணி) சேர்த்து வித்தியாசம் தேடினால் என்ன தெரியும்? முன்மூளைச் செல்களை ஒட்டவைக்க முதல் சில மணி நேரம் மட்டும் சீரம் இருக்கட்டும். பிறகு முழுவதும் எடுத்துவிட்டு, என்-2 கலவை சேர்த்த சீரமில்லா மீடியத்துக்கு மாறுங்கள்.

சீரம் போய்விட்டது என்பதற்காகச் சேதியே இல்லை என்று நினைக்காதீர்கள். 1979-ல் பாட்டன்ஸ்டைனும் சாட்டோவும் அமைத்த என்-2 கலவையிலேயே மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இன்சுலின் இருக்கிறது. அந்த அளவில் இன்சுலின், ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியையும் தட்டி எழுப்பும். எலி நரம்பணுக்களுக்குப் போடும் பி-27 கலவையில் இன்சுலினோடு தைராய்டு ஹார்மோனும் உண்டு. ஆகவே எல்லாத் தட்டுகளிலும் அடிப்படை மீடியம் ஒரே பாட்டிலிலிருந்து வரவேண்டும். ஒரு தட்டுக்குப் புதுசு, மற்றொன்றுக்குப் போன வாரத்து மிச்சம் என்று கலக்கக் கூடாது.

எத்தனை செல் தூவுகிறீர்கள் என்பதும் இதே வகைப் பிரச்சினை. நெருக்கமாகத் தூவினால் (சதுர சென்டிமீட்டருக்கு 50,000) செல்கள் தாங்களே காரணிகளைச் சுரந்து ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். நீங்கள் வெளியிலிருந்து கொடுப்பது பெரிதாகத் தெரியாது. காரணியின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் 10,000 அளவுக்குக் கலைத்துத் தூவுங்கள். இழைகளை அளப்பதற்கும் அதுவே வசதி.

காரணியைக் கரைத்தல்

குப்பிக்குள் 10 மைக்ரோகிராம் தூள் கண்ணுக்கே தெரியாது. 'காலிக் குப்பி அனுப்பிவிட்டார்கள்' என்று புகார் எழுத உட்கார்ந்த மாணவியை நான் பார்த்திருக்கிறேன். திறக்கும் முன் மையவிலக்கியில் ஒரு சுற்று விட்டு, மூடியில் ஒட்டியதைக் கீழே இறக்குங்கள். 0.1 சதவீத ஆல்புமின் கலந்த உப்புக் கரைசல் 100 மைக்ரோலிட்டர் விட்டு, கால் மணி நேரம் சும்மா வையுங்கள். குலுக்க வேண்டாம், வடிகட்டவும் வேண்டாம். இவ்வளவு கொஞ்சமான புரதம் வடிகட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆல்புமின் சேர்ப்பதும் அதற்குத்தான். குழாயின் சுவரில் அது படிந்து, காரணிக்கு ஒட்ட இடமில்லாமல் செய்கிறது.

இப்போது மைக்ரோலிட்டருக்கு 100 நானோகிராம். 10 மைக்ரோலிட்டர் வீதம் பத்துக் குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். உருக்கிய குழாயை மறுபடி உறையவைக்காதீர்கள். வேலை நாளில் ஒரு குழாயை எடுத்து 90 மைக்ரோலிட்டர் சேர்த்தால் மைக்ரோலிட்டருக்கு 10 நானோகிராம். ஒரு மில்லிலிட்டர் மீடியத்தில் அதில் 5 மைக்ரோலிட்டர் விட்டால், 50 நானோகிராம்.

தட்டு அமைப்பும் முதல் இரவும்

என்ஜிஎஃப் மில்லிலிட்டருக்கு 0, 1, 10, 50, 100 நானோகிராம் என ஐந்து அளவுகள். ஒவ்வொன்றுக்கும் தட்டில் மூன்று கிண்ணிகள் (குழிகள்). பூஜ்யக் கிண்ணியில் காரணி இல்லாத அதே ஆல்புமின் கரைசலை, அதே கொள்ளளவில் விடுங்கள். வெறுமனே விட்டுவிட்டால் அது ஒப்பீடாகாது. இன்னொரு வரிசையில் 50 நானோகிராமோடு என்ஜிஎஃப்-க்கு எதிரான ஆன்டிபாடியும் சேருங்கள். இழை வராமல் போனால், முதலில் வந்தது என்ஜிஎஃப்-ஆல்தான் என்று சொல்ல உங்களுக்கு வாய் இருக்கும். முடிச்சுக்கு ஒரு தட்டு, முன்மூளைக்கு ஒரு தட்டு, இரண்டும் ஒரே நாளில், ஒரே அமைப்பில்.

24 மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். பூஜ்யக் கிண்ணியில் முடிச்சு மழுங்கிய உருண்டையாகக் கிடக்கும், ஓரத்தில் நாலைந்து செல்கள் ஊர்ந்திருக்கும். 10 அல்லது 50 நானோகிராம் கிண்ணியில், சுவாமிமலைச் சிற்பிகள் நடராஜரைச் சுற்றி வார்க்கிற திருவாசி மாதிரி, முடிச்சிலிருந்து எல்லாப் பக்கமும் இழைகள் கதிராகக் கிளம்பி நிற்கும். நுனிகளில் விரல் விரித்த கை போன்ற வளர்கூம்புகளையும் பார்க்கலாம். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. 100 நானோகிராமில் இழை இன்னும் நீண்டிருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அளவு மிகும்போது இழைகள் குறுகவும் கூடும்.

பிறகு முன்மூளைத் தட்டு. பூஜ்யக் கிண்ணிக்கும் என்ஜிஎஃப் கிண்ணிக்கும் பெரிய வித்தியாசம் இராது. தவறு செய்துவிட்டோமோ என்று மாணவர்கள் முகம் வாடும். தவறில்லை. என்ஜிஎஃப்-ஐக் கேட்கும் ஏற்பி டிர்க்-ஏ. அது உணர்வு நரம்பணுக்களில் நிறைய உண்டு. மூளையில், முன்மூளை அடிப்பகுதியின் அசிட்டைல்கோலின் நரம்பணுக்கள் போன்ற சில கூட்டங்களில் மட்டும்தான். மூளை நரம்பணுக்களில் பரவலாக இருப்பது டிர்க்-பி. அது கேட்பது பிடிஎன்எஃப்-ஐ. 1982-ல் பார்ட், எட்கர், தோனென் மூவரும் பன்றி மூளையிலிருந்து அதைப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் செறிவாக்கிப் பிரித்தெடுத்தார்கள். வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்தது கோழிக் கருவின் உணர்வு நரம்பணுக்களில்தான்.

ஒரே செல், வேறு சேதி

இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு பிசி-12 செல்லைச் சொல்வேன். எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து கிரீனும் டிஷ்லரும் 1976-ல் உருவாக்கிய வரிசை. செல் வரிசைகளுக்கு புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தை அணுகலாம். ஒரு தட்டில் ஈஜிஎஃப் என்ற வேறொரு வளர்ச்சிக் காரணியைக் கொடுங்கள், செல்கள் பிரிந்து பெருகும். மற்றொன்றில் என்ஜிஎஃப் கொடுங்கள், ஒரு வாரத்துக்குள் பிரிவதை நிறுத்தி நரம்பணு போல இழை விடும். வியப்பு என்னவென்றால், இரண்டும் செல்லுக்குள் ஈஆர்கே என்ற ஒரே சமிக்ஞைப் பாதையைத்தான் தட்டுகின்றன. ஈஜிஎஃப் தட்டினால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். என்ஜிஎஃப் தட்டினால் மணிக்கணக்கில் நீடிக்கும். அந்த நீடிப்பைத்தான் செல் வேறு பொருளாக எடுத்துக்கொள்கிறது.

மூளையின் மூலச் செல்களில் வரிசை முக்கியம். 1992-ல் ரெனால்ட்ஸும் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளைச் செல்களுக்கு ஈஜிஎஃப் கொடுத்து, மிதக்கும் பந்துகளாகப் பெருக்கிக் காட்டினார்கள். இன்று ஈஜிஎஃப், எஃப்ஜிஎஃப்-2 என்ற இரண்டு காரணிகளையும் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் அளவில் சேர்ப்பது வழக்கம். அவை இருக்கும்வரை செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும், எதுவாகவும் ஆகாது. எடுத்துவிட்டால்தான் நரம்பணுவாகவோ கிளியாவாகவோ (நரம்பணுவுக்குத் துணை நிற்கும் செல்) மாறத் தொடங்கும். பிடிஎன்எஃப் அதற்குப் பின்னால் வரவேண்டியது. எஃப்ஜிஎஃப்-2 37 டிகிரியில் சீக்கிரம் வலுவிழக்கும். தினமுமோ ஒன்றுவிட்டு ஒரு நாளோ புதிதாகச் சேருங்கள், சிறிது ஹெப்பாரின் சேர்த்தால் கொஞ்சம் தாங்கும்.

அளப்பது

4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைநிறுத்தி, நரம்பணுவுக்கு பீட்டா-3 டியூபுலின், கிளியாவுக்கு ஜிஎஃப்ஏபி சாயமேற்றுங்கள். படமெடுத்தபின் கோப்புப் பெயர்களை வேறொருவரிடம் கொடுத்து மாற்றச் சொல்லி, எது எந்த அளவு என்று தெரியாமல் அளவெடுங்கள். நீளமான இழை, செல்லிலிருந்து நேரடியாகக் கிளம்பும் இழைகளின் எண்ணிக்கை, கிளைகள், இந்த மூன்றும் போதும். மூன்று கிண்ணிகள் மூன்று சோதனை ஆகாது. வேறு வேறு நாள் எடுத்த மூன்று முட்டைத் தொகுதிகள்தான் மூன்று சோதனை.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். முன்மூளைச் செல்களுக்கு என்ஜிஎஃப்-க்குப் பதிலாகப் பிடிஎன்எஃப் கொடுத்துப் பார்க்கும்போது, அந்தக் கிண்ணியில் நரம்பணுக்கள் அதிகமாக இருந்தால் 'பிடிஎன்எஃப் செல்லைப் பெருக்குகிறது' என்று எழுதிவிடுவார்கள். முதிர்ந்த நரம்பணு பிரியாது. அங்கே நடந்தது, மற்றக் கிண்ணியில் செத்தவை இங்கே சாகாமல் நின்றது. இதே குழப்பம் வரலாற்றிலும் வந்தது. கோழிக் கருவின் இறக்கைமுளையை வெட்டினால் அந்தப் பக்கத்து நரம்பணுக்கள் குறைவதை 1934-ல் ஹாம்பர்கர் பார்த்தார். புதியவை உருவாகவில்லை என்று கருதினார். லெவி-மொண்டால்சினி தன் படுக்கையறை ஆய்வகத்தில் அதையே திரும்பச் செய்து, அவை உருவாகிப் பிறகு சாகின்றன என்று கண்டார். உங்கள் தட்டில் இரண்டையும் பிரித்தறிய, பிரியும் செல்லுக்கு இடியூ, சாகும் செல்லுக்குக் காஸ்பேஸ்-3 என இரண்டு சாயங்களும் வேண்டும்.

மழைக்காலத்துக்கு முன்

ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை வரும்; இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். அதைவிடப் பெரிய பயம் மின்சாரம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, நான் வேலை பார்த்த கல்லூரியில் ஜெனரேட்டர் டீசல் மூன்றாம் நாள் தீர்ந்தது. உறைபெட்டியில் இருந்த பிடிஎன்எஃப் குழாய்கள் எல்லாம் உருகின. மின்சாரம் வந்ததும் தானாக மறுபடி உறைந்தன. பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த இரண்டு மாதம் எங்கள் செல்கள் பிடிஎன்எஃப்-ஐக் கேட்கவே இல்லை. பூச்சைச் சந்தேகித்தோம், மீடியத்தைச் சந்தேகித்தோம், முட்டை கொடுத்தவரையும்கூடச் சந்தேகித்தோம். கடைசியில், திறக்காமல் மேசை இழுப்பறையில் தூளாகவே கிடந்த ஒரு குப்பியைக் கரைத்து ஊற்றியபோது மறுநாளே இழை வந்தது.

அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கரைக்கிறேன்; மற்றதெல்லாம் தூளாகவே இருக்கும். உறைபெட்டிக்குள் ஒரு சின்னக் குடுவையில் தண்ணீரை உறையவைத்து, பனிக்கட்டியின்மேல் ஒரு காசை வைத்திருக்கிறேன். லீவு முடிந்து திறக்கும்போது காசு மேலேயே இருந்தால் குழாயை எடுப்பேன். அடியில் கிடந்தால் அத்தனையையும் கொட்டிவிட்டுப் புதுக் குப்பியைக் கரைப்பேன்.